யாருடைய தமிழில் சிரிப்பது

தியேட்டர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

கையில் டோர்ச் லைட்டோடு பின்கதவடியில் நின்றிருந்தேன். வெளியே மழை. ஜெர்மனியின் இந்த வுப்பர்டாலில் மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமை அபூர்வம். கதிரைகளின் முதுகில் தொங்கிய ஈர மேலங்கிகளின் வாசமும், சீனி போட்டுப் பொரித்த சோளப்பொரியின் வாசமும் அந்தச் சின்ன மண்டபத்தை நிறைத்திருந்தன. படம் முடிந்ததும் உள்ளே போய்ச் சிந்திய பொரியைக் கூட்டுவது என் வேலை. அதுவரைக்கும் சும்மா நிற்பானேன் என்று நானும் பார்த்தேன்.

அது ஒரு பிரெஞ்சு நகைச்சுவைப் படம். பிரான்சில் ஊர் ஊராகச் சனம் வரிசையில் நின்று பார்த்ததாகச் சொன்னார்கள். கதை எளிமையானது. வெயில் காயும் தெற்குப் பக்கத்து அதிகாரி ஒருவரைத் தண்டனையாக வடக்கே மாற்றிவிடுகிறார்கள். வடக்கென்றால் குளிர், இருட்டு, முரட்டுச் சனம் என்று நடுங்கிக்கொண்டு போகிறார். அங்கே ஆட்கள் பேசுவதில் ஒரு சொல்லும் அவருக்குப் பிடிபடவில்லை. 'ஸ' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'ஷ' வருகிறது. பிறகு மெல்ல மெல்ல அந்தப் பேச்சும் அந்தச் சனமும் அவருக்குப் பிடித்துப்போகின்றன.

ஜெர்மன் குரல் கொடுத்து ஓடிய அந்தப் படத்தில், அதிகாரிக்கு விளங்காதது எனக்கும் விளங்கவில்லை. அவர் முழித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் முழித்தபோது எனக்கு அழுகை வந்தது.

வுப்பர்டாலில் வந்திறங்கிய முதல் மாதங்களைப் பற்றிச் சென்ற கிழமை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். இது அதற்குப் பிந்திய காலம். ஜெர்மன் சோதனையை முதல் தரம் கோட்டை விட்டு, மறுபடி எழுதிப் பாஸ் பண்ணியிருந்தேன். அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலை ஒரு பல் வைத்தியரிடம் அவுஸ்பில்டுங்குக்கு, அதாவது வேலைப் பயிற்சிக்கு, என்னை நேரில் பார்க்க நேரம் குறித்து டெர்மின் தந்திருந்தார்கள். சாதாரணச் சனம் சிரிக்கிற படமே விளங்காத எனக்கு, வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டு நோயாளி பேசினால் என்ன விளங்கப்போகிறது?

போவதில்லை என்று அந்தக் கதவடியில் முடிவெடுத்தேன்.

டிக்கட் கண்ணாடிக்குப் பின்னால்

எங்கள் தியேட்டரில் டிக்கட் விற்றவள் உல்ரிக்கே. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுவாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு, "சிரிப்புப் படம் பார்த்து அழுகிறவளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றாள்.

"எனக்கு ஜெர்மன் மறந்துபோய்விட்டது" என்றேன்.

"இப்போது என்ன மொழியில் சொன்னாய்?"

"படத்தில் அவர்கள் பேசுவது ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை, உல்ரிக்கே."

அவள் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் வைத்து என்னை நன்றாகப் பார்த்தாள். "அது ஜெர்மனியில் எந்த ஊரிலும் பேசுகிற பேச்சு இல்லை, ராணி. பிரான்சின் வடக்குப் பேச்சை ஜெர்மனில் எப்படிக் கொண்டுவருவது? அதற்காக யாரோ உட்கார்ந்து புதிதாக ஒரு பேச்சைச் செய்திருக்கிறார்கள். எனக்கும் பாதி விளங்கவில்லை. விளங்காதபடியால்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள்."

நான் நம்பவில்லை. அவள் என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய் கடைசி வரிசையில் இருத்தி, அடுத்த காட்சியில் ஒவ்வொரு சொல்லாக என் காதில் சொன்னாள். எது ஜெர்மன், எது செய்த சொல், எந்த எழுத்தை எங்கே திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று. சட்டென்று ஒரு வசனம் முழுதாக எனக்குப் பிடிபட்டது. சிரித்தேன். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரித்ததால் முன்வரிசைக் கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

உல்ரிக்கேயைப் பற்றி இன்னொன்று. எங்களோடு பேசும்போது 'தஸ்' என்று சொல்லவேண்டியதை 'தட்' என்பாள். 'வஸ்' என்பதை 'வட்' என்பாள். இந்தப் பக்கத்துப் பேச்சு அப்படி. முதலாளி தொலைபேசியில் வந்தால் உடனே 'தஸ்', 'வஸ்' என்று இஸ்திரி போட்ட மாதிரிப் பேசுவாள். வைத்ததும் பெருமூச்சு விடுவாள், இறுக்கமான சப்பாத்தைக் கழற்றியவள் மாதிரி.

மறுநாள் டெர்மினுக்குப் போனேன். இன்றைக்கும் அதே பல் வைத்தியசாலையில்தான் வேலை செய்கிறேன். சனி ஞாயிறுகளில் தியேட்டர்.

முகம் தெரியாத அந்த ஆள்

அந்தப் படம் எங்கள் தியேட்டரில் பல கிழமை ஓடியது. நானும் பல தரம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, அந்தப் பேச்சைச் செய்த முகம் தெரியாத ஆளின் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே வந்தது.

ஜெர்மனியின் தெற்குப் பக்கத்துப் பவேரியப் பேச்சைப் போட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் சிரிப்பு முழுக்கப் பவேரியக்காரர் தலையில் விழுந்திருக்கும். சாக்சன் பேச்சைப் போட்டிருந்தால் அவர்கள் தலையில். அந்த ஆள் ஒருவருடைய வாயையும் கடன் வாங்கவில்லை. இல்லாத ஒரு ஊருக்குப் பேச்சுச் செய்து கொடுத்து, எல்லா ஊர்ச் சனமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சிரிக்கும்படி பண்ணிவிட்டார்.

படத்தைச் செய்தவர்களையும் சொல்லவேண்டும். வடக்குச் சனத்தின் பேச்சை அவர்கள் கேலிக்கு வைக்கவில்லை. போக முன்னம் பயந்தாரே அந்த அதிகாரி, அந்தப் பயத்தைத்தான் கேலிக்கு வைத்தார்கள். சிரித்து முடித்து வெளியே வந்த ஆட்களின் முகங்களை நான் கதவடியில் நின்று பார்த்திருக்கிறேன். யாரையும் மிதித்துவிட்டு வந்த முகங்களாக அவை இருந்ததில்லை.

தொங்கு ரயிலில் ஒரு குரல்

பல வருடம் கழித்து, ஒரு பின்னேரம் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். எங்கள் ஊர் ரயில் ஆற்றுக்கு மேலே, உயரப் போட்ட தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு போகும். வளைவுகளில் ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த ஆட்டத்தில் கண்ணயர்ந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது.

"இஞ்ச ஒரே மழை. நான் வீட்டுக்குப் பெய்ட்டு விளிக்கேன், கேட்டியளா. வாறேன்."

'இஞ்ச'வும் 'வாறே'னும் என்னை எழுப்பிவிட்டன. எங்கட ஆள் என்று திரும்பினால், கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, ஒரு இளம் பெண். முகமெல்லாம் சிரிப்பாக நான் கேட்டேன்:

"நீங்கள் யாழ்ப்பாணத்திலை எவ்விடம், பிள்ளை?"

அவள் முகம் சிவந்துபோனது. உடனே குரலை மாற்றிக்கொண்டாள். "இல்லக்கா, நான் இண்டியா. சென்னைல ஒர்க் பண்ணிட்டு இங்க வந்தோம். டுசல்டோர்ஃப்ல ஆபீஸ்."

"முதல் கதைச்சது சென்னைத் தமிழ் இல்லையே."

"அம்மாகிட்ட பேசிட்டிருந்தேன்" என்றாள், களவெடுத்துப் பிடிபட்டவள் மாதிரி.

அவள்தான் ஷைனி. கன்னியாகுமரிப் பக்கம், கடற்கரை ஊர். தேவாலயத்தில் நடக்கும் எங்களுடைய தமிழ்ப் பூசைக்கு அடுத்த மாதம் கணவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கணவன் கார்த்திக், சென்னைப் பிள்ளை, கலகலப்பானவன். அவனுக்கு முன்னால் அவள் ஒரு தரமும் 'வாறேன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பழகிய பிறகு ஒரு நாள் என் சமையலறையில் தேத்தண்ணி குடித்தபடி சொன்னாள். சென்னையில் கல்லூரி விடுதிக்குப் போன முதல் நாள், 'எனக்க பெட்டி எங்க?' என்று கேட்டிருக்கிறாள். 'என்னுடைய பெட்டி' என்பதற்கு அவள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அன்றையிலிருந்து அவளுக்குப் பெயரே 'எனக்க' என்று ஆகிவிட்டது. படிக்கட்டில் போனால் 'எனக்க போறா பாரு' என்பார்களாம். அந்த வருடம் முடிய முன்னம் அவள் தன் பேச்சை முழுதாகக் கழற்றி வைத்துவிட்டாள்.

"கார்த்திக் ஒண்ணும் சொல்ல மாட்டார்க்கா. எங்க கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தப்போ எங்க ஆளுங்க பேசினது அவருக்குப் புரியல. நான்தான் கூட நின்னு சொல்லிக் கொடுத்தேன். 'நீ இப்படிப் பேச மாட்டியா'ன்னு கேட்டார். 'நான் பேச மாட்டேன்'னு சொல்லிட்டேன். அப்படியே போயிடுச்சு."

அருளப்பு அண்ணையின் சவர்க்காரம்

போன குளிர்காலத்தில் எங்கள் தியேட்டர் முதலாளி, இந்த ஊரில் வாழும் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு ஞாயிறு காலையைத் தருவதாகச் சொன்னார். விரும்பின படத்தைத் தெரிவு செய்து, தங்கள் ஆட்களோடு வந்து பார்க்கலாம். தமிழர் பக்கத்துக்கு நான் பொறுப்பு. எனக்கு வேறு படமே ஞாபகம் வரவில்லை.

எங்கட வயது போனவர்களுக்கு அந்த ஜெர்மன் விளங்காது. ஆகவே சத்தத்தைத் தணித்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் நின்று மைக்கில் தமிழில் பேசுவது என்று யோசித்தேன். ஷைனியைக் கூப்பிட்டேன். எங்கள் பூசைச் சங்கத்தின் தலைவர் அருளப்பு அண்ணையையும் கூப்பிட்டேன். நகரசபைப் பூங்காவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நல்ல குரல், நல்ல கோபம்.

வடக்குச் சனத்துக்கு எங்கட யாழ்ப்பாணத் தமிழைக் கொடுப்போம் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, அண்ணை கோப்பையை மேசையில் வைத்துவிட்டார்.

"அது ஏலாது, தங்கச்சி."

"ஏன் அண்ணை? சிரிக்கத்தானே போறம்."

"இந்தியப் பிள்ளையளும் வருவினம் எண்டு சொல்லுறாய். அவையளுக்கு முன்னாலை எங்கட தமிழை வைச்சுச் சிரிக்கவோ?" கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் இஞ்ச வர முன்னம் மெட்ராசிலை இருந்தனான். ஒரு கடையிலை சவர்க்காரம் கேட்டன். சோப்பு எண்டு சொல்லத் தெரியாது. கடையிலை நிண்ட பெடியள் சிரிச்சுப்போட்டு, திருப்பிச் சொல்லு எண்டாங்கள். நானும் விசரன் மாதிரித் திருப்பித் திருப்பிச் சொன்னன். அதுக்குப் பிறகு அந்த ஊரிலை நான் ஒரு கடையிலையும் வாய் திறக்கேல்லை. விரலை நீட்டிக் காட்டித்தான் வாங்கினனான்."

ஷைனி குனிந்து தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, ஜெர்மன்காரர் செய்த மாதிரி நாங்களும் இல்லாத ஒரு தமிழைச் செய்வோம் என்று இறங்கினோம். 'ச' எல்லாம் 'ஷ' ஆக்கினோம். 'ல'வை 'ள' ஆக்கினோம். சனிக்கிழமை பின்னேரங்கள் அதிலேயே போயின. வாசித்துப் பார்த்தால் பல் கட்டிய அன்றைக்கு நோயாளி பேசுவது மாதிரி இருந்தது. அதில் எனக்கு அனுபவமுண்டு, ஆனால் சிரிப்பு வரவில்லை. ஒரு பேச்சை ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கி, அதில் ஒருவனைக் காதலிக்கவும் அழவும் வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குச் சரியாக உறைத்தது. அந்த முகம் தெரியாத ஆளைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"படத்தை மாத்துவம்" என்றார் அண்ணை.

அப்போதுதான் ஷைனி சொன்னாள், மெதுவாக: "எனக்க பேச்ச வச்சுக்கிடுங்க."

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

"நானே பேசுதேன். எங்க ஊர்த் தமிழ வச்சு நான் சிரிக்க வச்சா அது எனக்க சோலி. வேற ஒருத்தருக்கும் நோவாதுல்லா."

எழுதிவைத்திருந்த தாளை எடுத்து, அதிகாரியைக் கூட்டிப்போக வரும் வடக்குக்காரன் முதல் முதல் அவரைச் சந்திக்கும் காட்சியைத் தன் தமிழில் சொல்லிக் காட்டினாள். அது பேச்சு மாதிரியே இல்லை, கரைக்கு வரும் அலை மாதிரி ஏறி இறங்கியது. எங்களுக்குப் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. படத்துக்கு வேண்டியது சரியாக அதுதான். அண்ணைக்குச் சிரிப்பில் கண்ணால் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "அப்ப அந்த அதிகாரியை நான் கதைக்கிறன், மெட்ராஸ் தமிழிலை. எனக்கும் கொஞ்சம் பாக்கி கிடக்கு" என்றார்.

ஞாயிறு காலை

மண்டபம் நிறைந்துவிட்டது. கார்த்திக் அலுவலக நண்பர்களோடு வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தான். எல்லோரும் சென்னைக்காரர். ஷைனி என்ன பேசப்போகிறாள் என்று அவனுக்கு அவள் சொல்லவில்லை. "சொல்லியிருந்தா தைரியம் போயிருக்கும்க்கா" என்றாள்.

படம் தொடங்கியது. நான் அதிகாரியின் மனைவிக்கும் மற்றப் பெண்களுக்கும் பேசினேன். அருளப்பு அண்ணை மைக்கைப் பிடித்து 'இன்னாப்பா' என்று ஆரம்பித்ததுமே தியேட்டர் குலுங்கியது. சென்னைப் பிள்ளைகள்தான் அதிகம் சிரித்தார்கள். அவர் அந்தக் குரலை எங்கிருந்து எடுத்தாரோ, கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

வடக்குக்காரன் திரையில் வந்தான். ஷைனி மைக்குக்குப் பக்கத்தில் வந்தாள். மூன்றாம் வரிசையைப் பார்த்தாள்.

"வாங்க சார். நான்தான் உங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். பயணம் எப்படி இருந்துச்சு?"

தெளிவான சென்னைத் தமிழ். அடுத்த வசனம் அதிகாரியுடையது. 'நீ என்ன பேசுகிறாய் என்றே எனக்குப் புரியவில்லை' என்று அவர் அலறவேண்டும். திரையில் அந்த மனிதர் வாயைத் திறந்துவிட்டார்.

அருளப்பு அண்ணை ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு மைக்கில் சொன்னார்: "இன்னாப்பா இது, நீ பேசறது எனக்கு நல்லாப் புரியுதே. புரியக் கூடாதுன்னு சொல்லித்தானே என்னை இவ்ளோ தூரம் அனுப்பினாங்க."

தியேட்டர் வெடித்தது. ஷைனியும் சிரித்துவிட்டாள். மைக்கிலேயே சிரித்தாள். சிரித்து முடித்து மூச்சை இழுத்துக்கொண்டு, "அப்பம் கேளும், சாறே" என்று தொடங்கினாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. சங்கத்து ஆட்கள் 'இஞ்ச' வந்தபோதெல்லாம் கைதட்டினார்கள். விளங்காத சொல் வந்தால் பக்கத்தில் கேட்டு, பக்கத்தில் உள்ளவருக்கும் விளங்காமல், இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். போகப் போக அதிகாரியும் வடக்குப் பேச்சுப் பழகவேண்டும். அண்ணை அவள் தமிழை மென்று துப்பியதைக் கேட்டு மூன்றாம் வரிசைப் பிள்ளை ஒருவன் கதிரையிலிருந்து சரிந்தே போனான். கார்த்திக்கும் சிரித்தான். ஆனால் நான் இருந்த இடத்திலிருந்து அவன் முகம் தெரிந்தது. அவன் திரையைப் பார்க்கவில்லை. மைக்கடியில் நின்றவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் அதிகாரிக்கு மாற்றம் வருகிறது, ஊருக்குத் திரும்பவேண்டும். 'நீங்கள் போனால் எங்களுக்குக் கஷ்டம்' என்பது மாதிரி நாங்கள் ஒரு வசனம் எழுதியிருந்தோம். ஷைனி தாளைப் பார்க்கவில்லை.

"மக்கா, நீ போவாண்டாம், கேட்டியா."

அவ்வளவுதான் சொன்னாள். அந்தச் சொல்லை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. போகவேண்டாம் என்று சொல்ல ஆளில்லாமலோ, சொன்னவர்களை விட்டுவிட்டோ புறப்பட்டு வந்தவர்கள்தான் அந்தக் கதிரைகளில் பாதிப்பேர். முன்வரிசையில் ஒரு அக்கா சால்வையால் மூக்கைத் துடைத்தார். அருளப்பு அண்ணை பதில் வசனம் சொல்லவேண்டும். அவருக்கும் குரல் வரவில்லை. திரையில் அதிகாரி வாயசைத்துக்கொண்டு போனார், சத்தமில்லாமல். ஒருவரும் குறை சொல்லவில்லை.

மேலங்கி மாட்டுகிற இடம்

படம் முடிந்து சனம் ஷைனியைச் சூழ்ந்துகொண்டது. 'பெய்ட்டு' என்றால் என்ன, 'விளிக்கேன்' என்றால் என்ன என்று கேள்விகள். 'போய்விட்டு', 'கூப்பிடுகிறேன்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். கூட்டம் குறைந்த பிறகு கார்த்திக் மேலங்கிகள் மாட்டும் இடத்தில் தனியாக நின்றிருந்தான். கையில் அவளுடைய மேலங்கி. நான் பக்கத்தில் குடைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், ஆகவே கேட்டது.

"இத்தனை வருஷமா என்கூட பேசிட்டிருந்தது யாரு, ஷைனி?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நாந்தான். ஆனா ஒரு செருப்பு கடிச்சிட்டே இருந்துது."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்களும் சிரிப்பியளோன்னு பயந்துட்டு இருந்தேன்."

"சிரிச்சேன் தான்" என்றான். "உன் ஜோக்குக்குச் சிரிச்சேன். இவ்ளோ காமெடியா நீ பேசி நான் வீட்ல கேட்டதே இல்ல." பிறகு அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டு, "அந்தக் கடைசி டயலாக் என்னைக் கொன்னுடுச்சு" என்றான்.

அவள் அவன் பிடித்திருந்த மேலங்கிக்குள் கையை விட்டாள். அவன் மற்றக் கையைப் பிடித்து உள்ளே விட உதவினான். நான் குடைகளோடு நகர்ந்துவிட்டேன்.

எல்லோரும் சேர்ந்துதான் ரயிலடிக்கு நடந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. உல்ரிக்கே தியேட்டர் வாசலில் நின்று, தனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் இதுவரை பார்த்ததில் இதுதான் சிறந்த காட்சி என்று தன்னுடைய 'தட்', 'வட்'டில் கத்தினாள். அருளப்பு அண்ணை முன்னால் போனார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. அவருக்குப் பின்னால் அவர்கள் இருவரும். கடைசியில் நான்.

ரயிலடிப் படிக்கட்டுக்குக் கீழே கார்த்திக் நின்றான். "'போலாமா'ன்னு உங்க ஊர்ல எப்படிச் சொல்வீங்க?"

"போவமா."

"போவோமா?"

"போ-வ-மா. நீட்டாண்டாம்."

அவன் நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சத்தமாகச் சொன்னான்: "போவமா?"

மேல்படியில் நின்ற அருளப்பு அண்ணை தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பினார்.

"ஓம் தம்பி, போவம்" என்றார். "கெதியா வாங்கோ, ரயில் வருது."